ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

“கோளாறு பிள்ளைகிட்டயா, என்கிட்டயா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க டீச்சர்.”

கேட்டவர் திருவேங்கடம் சார். வயது ஐம்பத்தொன்று. பிள்ளைகளுக்குத் தொடுதிரை டேப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர்தான்.

கேட்கப்பட்டவர் அமலோற்பவம் டீச்சர். வயது முப்பத்தாறு. அந்தப் பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மூன்று நாளும் வாயைத் திறக்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனவர்.

பயிற்சி கொடுத்தவர், பயிற்சிக்கு வந்தவரைத் தேடிப் போய் சந்தேகம் கேட்பது நம் பக்கத்தில் நடக்கிற காரியமே இல்லை. மனிதர் அவ்வளவு கலங்கிப்போயிருந்தார்.

அமலோற்பவம் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் சிலை டீச்சர். பதில் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். “எப்படி?” என்று மட்டும் கேட்பார். அவரிடம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மேலே போய் கணக்குக்குப் பயப்படுவதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதிகாரிகள் சொல்வதில்லை. அவர் வகுப்பில் படம் பிடிக்க ஒன்றும் இருக்காது.



“பிள்ளைய கூட்டியாங்க,” என்றார் டீச்சர்.

*

பிள்ளையின் பெயர் தர்ஷிகா. ஐந்தாம் வகுப்பு.

அவளுடைய அம்மா சின்னப்பொண்ணும் அப்பாவும் வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். போனால் ஆறு மாதம் அங்கேதான். மூத்த மகள் போன வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு அவர்களோடு போய்விட்டாள். இப்போது தர்ஷிகாவின் முறை.

ஒரே ஒரு வழி இருந்தது. மாவட்டத் தலைநகரில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு நாற்பது பேரைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். தாளில், பென்சிலில் எழுதுகிற தேர்வு.

சின்னப்பொண்ணு திருவேங்கடம் சாரிடம் நேராகவே சொல்லியிருந்தாள்.

“சீட்டு கெடச்சா இவள அத்தை ஊட்ல உட்டுட்டுப் போறோம் சார். அங்க இருந்து அஞ்சாவது பரீட்சை முடிச்சுட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவட்டும். கெடைக்கலன்னா கூட்டிக்கினுதான் போவணும். சின்னவன பாத்துக்கவும் ஆளு வேணும், கல்லு திருப்பவும் ஆளு வேணும்.”

“கெடைக்கும்மா. டேப்புல உங்க பொண்ணு நூத்துக்கு நூறு,” என்று சார் சொல்லியிருந்தார்.

பொய் இல்லை. மூன்று மாதமாக நூற்றுக்கு நூறுதான். ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சும்மா பார்ப்போமே என்று ஒரு தாளில் ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். அவள் முப்பத்தைந்து என்று எழுதினாள்.

அன்றிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை.

*

சனிக்கிழமை காலை தன் ஸ்கூட்டரில் தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு அமலோற்பவம் டீச்சரின் பள்ளிக்கு வந்தார். டேப்பும் கூட வந்தது.

டீச்சர் ஒரு தாளில் அதே கணக்கை எழுதி நீட்டினார். தர்ஷிகா முப்பத்தைந்து என்று எழுதினாள்.

“எப்படி?” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான் கேட்டார். தர்ஷிகா உடனே ரப்பரை எடுத்து அழித்தாள். எழுபத்தொன்பது என்று எழுதினாள்.

“எப்படி?”

அதையும் அழித்தாள்.

திருவேங்கடம் சாருக்குப் பொறுக்கவில்லை. “கடன் வாங்கணும்ல பாப்பா? சார் எத்தனை வாட்டி...”

“நீங்க சும்மா இருங்க சார்.” டீச்சர் பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னார். “அவ தாளப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியத்தான் பாக்கறா.”

பிறகு டேப்பைக் கேட்டார்.

திரையில் ஐந்து நீலக் கட்டைகள், இரண்டு மஞ்சள் கட்டைகள். நீலம் ஒவ்வொன்றும் பத்து. மஞ்சள் ஒவ்வொன்றும் ஒன்று. மஞ்சளில் தொடங்கி இருபத்தேழை எடுத்துக் கூடையில் போட வேண்டும்.

தர்ஷிகாவின் முகம் மாறிவிட்டது. தாளைப் பார்த்துப் பயந்த பிள்ளையா இது என்று இருந்தது. விரல் பரபரவென்று ஓடியது. ஒரு நீலக் கட்டையைக் கூடையில் போட்டாள். அது உதறிக்கொண்டு திரும்பி வந்தது. அதையே மஞ்சள் பக்கம் இழுத்தாள். ‘டிங்’ என்று மணி அடித்தது. நீலம் தானாக உடைந்து பத்து மஞ்சள் ஆனது. மஞ்சளைக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவது விழுந்ததும் ‘டிங்’. நீலம் இரண்டு போட்டாள். ‘டிங்’. திரையில் பச்சை நட்சத்திரம் வந்தது. இரண்டு கைகள் தோன்றித் தட்டின.

மொத்தம் இருபது விநாடி.

“பாத்தீங்களா?” சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“பாத்தேன். இதுல அவ போட்டது எது?”



டீச்சர் டேப்பை வாங்கி அமைப்புகளுக்குள் போனார். வரிசையாக மூன்று பொத்தான்களை அணைத்தார். மணி ஓசை. கட்டை தானாக உடைவது. தப்பான கட்டை தானாகத் திரும்புவது.

“இதெல்லாம் அணைக்க முடியுமா?” என்று கேட்டார் சார்.

“நீங்க குடுத்த பயிற்சிப் புத்தகத்துல பதினாலாம் பக்கம்.”

சார் பதினாலாம் பக்கம் வரை போனதில்லை. “மணி எப்பவும் கேக்கணும்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க டீச்சர். பார்வைக்கு வர்றவங்க வாசல்ல நிக்கும்போதே காதுல விழணுமாம்.”

“கருவி மேல குத்தம் இல்ல சார். என் பிள்ளைங்களும் இதுலதான் போடுதுங்க. இத்தனை கட்டைய மரத்துல செஞ்சு எனக்கு யாரு தரப்போறா?”

டேப்பை மறுபடி தர்ஷிகாவின் முன் வைத்தார். அதே கணக்கு.

அவள் ஒரு நீலக் கட்டையைக் கூடையில் போட்டாள். அது அங்கேயே கிடந்தது. உதறவில்லை. மணியும் இல்லை. அவள் டேப்பை லேசாகத் தட்டிப் பார்த்தாள். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு திருவேங்கடம் சாரைப் பார்த்தாள்.

சாரின் புருவம் மேலே போனது. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“சார், கொஞ்சம் வெளிய பாருங்க,” என்றார் டீச்சர்.

“ஏன்?”

“உங்க புருவம் மணி அடிக்குது.”

இரண்டு பெரியவர்களும் திரும்பி உட்கார்ந்து வெளியே பார்த்தார்கள். கைப்பம்பில் யாரோ தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று குடம் நிரம்பியது. சார் நாற்காலியில் நெளிந்தார். பிள்ளை கஷ்டப்படும்போது வாத்தியார் தண்ணீர்ப் பம்பை வேடிக்கை பார்ப்பது என்ன தர்மம் என்று அவருக்குக் கோபமாக வந்தது.

பதினொரு நிமிஷம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“டீச்சர், மஞ்சள் ரெண்டுதான் இருக்கு. ஏழு கேக்குது. இல்லாதத எப்படி எடுக்கறது?”

“ஆமா. எப்படி?”

“தெரியல.”

“நல்லது. இன்னைக்கு இது போதும்.”

திருவேங்கடம் சார் எழுந்தே விட்டார். “என்ன டீச்சர் போதும்? ஒரு கணக்கு முடியல! இருபது நாள்தான் இருக்கு.”

“தினம் அரை மணி நேரம் குடுங்க. டேப்புல மணி வேணாம். உங்க புருவமும் வேணாம். தப்புக்குள்ள கொஞ்ச நேரம் அவ உக்காந்திருக்கட்டும். அவளே எந்திரிப்பா.”

“எந்திரிக்கலன்னா?”

டீச்சர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

*

சொன்னபடி செய்தார் சார். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு தர்ஷிகாவைக் கணக்கோடு உட்காரவைத்துவிட்டு, தான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். சுவரில் இந்திய வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் இருக்கிற நதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

நான்காம் நாள் அவள் அழுதாள். சார் திரும்பவில்லை. கைகளை மட்டும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சார், இந்த நீலத்த நானே உடைக்கலாமா?”

சார் வரைபடத்தைப் பார்த்தபடியே, “எப்படி?” என்றார்.

“இதுக்குள்ள பத்து மஞ்சள்தானே இருக்கு. உடைச்சா பன்னெண்டு ஆயிடும். பன்னெண்டுல ஏழு எடுக்கலாம்.”

ஒன்பதாம் நாள் தாளில் போட்டாள். இருபத்தைந்து.

“எப்படி?” என்று கேட்டார். அவள் கை ரப்பர் பக்கம் போகவில்லை.

“இங்க வாங்க சார், நான் சொல்லித்தரேன்,” என்றாள்.

முப்பது வருஷ வேலையில் திருவேங்கடம் சார் அன்றுதான் கணக்கு வாத்தியார் ஆனார் என்பது என் கட்சி. அது மூன்று நாள் நீடித்தது.

*

பன்னிரண்டாம் நாள் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். டேப் வகுப்பைப் பார்வையிட ஒன்றியத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது திருவேங்கடம் சாருடைய பள்ளி.

“சத்தம் நல்லா கேக்கணும் சார். நம்ம பொண்ணு தர்ஷிகாவையே போடச் சொல்லுங்க,” என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சார் சரி என்றார். ஆனால் மணியைப் போடவில்லை. பிள்ளை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது.

பெரிய அதிகாரி தானே கணக்குக் கொடுத்தார். நானூற்று மூன்றில் நூற்றைம்பத்தெட்டு போனால்?

தர்ஷிகாவின் டேப் பெரிய திரையில் தெரிந்தது. நான்கு பச்சைப் பலகைகள், ஒவ்வொன்றும் நூறு. மூன்று மஞ்சள். நீலம் ஒன்றுகூட இல்லை.

அவள் மஞ்சளைப் பார்த்தாள். எட்டு வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. நீலத்தை உடைக்கப் போனாள். நீலத்தின் இடம் காலி.

கை நின்றது.

“பத்தே இல்லையே,” என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

அந்த முணுமுணுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். சார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் ஆனது. ஒரு அதிகாரி இருமினார். பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன சார், டேப் நின்னுடுச்சா?”

தலைமையாசிரியர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். திருவேங்கடம் சாரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

தர்ஷிகாவின் விரல் மெதுவாகப் பச்சைப் பலகையின் பக்கம் நகர்ந்தது. சார் அதைப் பார்த்தார். நூறை உடைக்கலாமா என்று அவள் யோசிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தால் போதும்.

அவர் கொடுக்கவில்லை. “ஒரு நிமிஷம் பாப்பா,” என்று குனிந்து, மூன்று பொத்தான்களையும் போட்டுவிட்டார்.

விரல் பட்டதும் படாததுமாகப் பச்சை உடைந்தது. டிங். நீலம் உடைந்தது. டிங். அப்புறம் அவள் யோசிக்க ஒன்றும் இல்லை. இருநூற்று நாற்பத்தைந்து. திரையில் கைகள் தட்டின. அதிகாரிகளும் தட்டினார்கள்.

தர்ஷிகா தட்டவில்லை. திரும்பிச் சாரின் முகத்தைப் பார்த்தாள். சார் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

*

அடுத்த நாளே உத்தரவு வந்தது. மாநிலப் பயிற்சியாளர் பட்டியலில் திருவேங்கடம் சார் பெயர். ஐந்து நாள் சென்னையில் முகாம். போனார்.

அவர் திரும்பி வந்தபோது தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. சாப்பாட்டு மணிக்குப் பிறகு தர்ஷிகா வந்து நின்றாள்.

“சார், மணி வெச்சுக் குடுங்க.”

“ஏன் பாப்பா? நீதான் அது இல்லாமலே போடுவியே.”

“அது இல்லாம போட்டா சரியா தப்பான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? அன்னைக்கு நீங்களே வெச்சீங்க இல்ல?”

சார் களைத்திருந்தார். பிள்ளையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மணியை வைத்துக் கொடுத்தார். மூன்று நாளும் நட்சத்திரம் வந்தது.

தேர்வு முடிந்தது. முடிவு வந்தது. நாற்பது பேரில் அவள் பெயர் இல்லை.

தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றவர் சாருக்குத் தெரிந்தவர்தான். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில், பேச்சுவாக்கில் சொன்னார்.

“உங்க பள்ளிப் பொண்ணு ஒண்ணு வந்திருந்தது சார். ஐந்நூத்தி ரெண்டுல எரநூத்தி அறுபத்தேழு. எரநூத்தி முப்பத்தஞ்சுன்னு கரெக்டா எழுதிடுச்சு. நான் அந்தப் பக்கமா நடந்து வந்தேன். நிமிந்து என் மூஞ்சியப் பாத்துச்சு. பரீட்சை ஹால்ல நான் என்ன சொல்ல முடியும்? பேசாம நின்னேன். அழிச்சுடுச்சு.”

“அழிச்சுட்டாளா?”

“அதை மட்டுமில்ல. எழுதறது, என்னைப் பாக்கறது, அழிக்கறது. கழித்தல் கணக்கு அத்தனையும் அப்படித்தான். கடைசில தாளே ஓட்டையாயிடுச்சு, பாவம்.”

சார் அந்தக் கல்யாணத்தில் சாப்பிடவில்லை.

*

பொங்கல் முடிந்த வாரம். தர்ஷிகாவின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. டேப்பில் அவள் பெயருக்கு நேராக இன்னும் நூற்றுக்கு நூறு, பச்சை நட்சத்திரம். அதை அழிக்க எந்தப் பக்கத்திலும் வழி சொல்லப்படவில்லை.

திருவேங்கடம் சார் அமலோற்பவம் டீச்சரைத் தேடி வந்தார்.

டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சார் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அழித்து அழித்து ஓட்டையான தாள் வரைக்கும் சொன்னார்.

டீச்சர் கேட்டுக்கொண்டார்.

“அதிகாரி வாட்ச்ச பாத்தாரு டீச்சர். நான் என்ன பண்ண முடியும்?”

சொல்லிவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

“ஹெட்மாஸ்டர் சொன்னதத்தான் செஞ்சேன்.”

ஒன்றும் இல்லை.

“சென்னைக்குப் போகலன்னா மெமோ குடுத்திருப்பாங்க. உங்களுக்கே தெரியும்.”

டீச்சர் ஒரு நோட்டை மூடி வைத்தார்.

“அந்த ஹால்ல நின்ன மனுஷனாவது லேசா தலைய ஆட்டியிருக்கலாம்.”

ஒன்றும் இல்லை.

“அவங்க வீட்லயும் படிக்க வைக்கிற எண்ணம் அவ்வளவா கிடையாது டீச்சர்.”

அதைச் சொன்னபோது சாருக்கே நாக்குக் கூசியது. தலையைக் குனிந்துகொண்டார். வெளியே பம்பில் யாரும் இல்லை.

“சரி,” என்றார் கடைசியில். “தப்பு என் மேலதான். நான்தான் பிள்ளையக் கெடுத்தேன். ஒத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு மெல்ல நிமிர்ந்து, டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

டீச்சர் அடுத்த நோட்டை எடுத்துப் பிரித்தார்.

“இங்க மணி அடிக்காது சார்,” என்றார்.